“ஒன்றும் செய்யாது” என்பது பதில் ஆகாது: பொது இடத்தில் நாய் வளர்ப்பவரின் பொறுப்பு

காலை நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் எல்லோருக்கும் இது பழகிய காட்சி. எதிரே ஒருவர் நாயோடு வருகிறார். நாய் நம்மை நோக்கிப் பாய்ந்து வந்து காலை முகர்கிறது. நாம் ஓரடி பின்வாங்குகிறோம். “பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது” என்கிறார் அவர்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் வீட்டில் அந்த நாய் குழந்தைகளோடு படுத்துத் தூங்குகிறது, கையில் இருக்கும் பிஸ்கட்டை மென்மையாக வாங்கிக்கொள்கிறது. அந்த நம்பிக்கையில்தான் அவர் பேசுகிறார். ஆனால் எதிரே நிற்பவருக்கு அந்த நாயைத் தெரியாது. அவருக்குத் தெரிவதெல்லாம் முப்பது கிலோ எடையுள்ள ஒரு விலங்கு தன்னை நோக்கி வருகிறது, அதன் உரிமையாளர் அதைப் பிடிக்கவில்லை என்பதுதான். நாய் வளர்ப்பவரின் பொதுப் பொறுப்பு என்ற கருத்து தொடங்கும் இடம் இதுவே. நாயின் நல்ல குணத்தை வைத்து அடுத்தவருக்கு உத்தரவாதம் கொடுக்க முடியாது. உத்தரவாதம் உரிமையாளரின் கையில் இருக்கும் கட்டுப்பாட்டிலிருந்து வர வேண்டும்.

எங்கள் வீட்டிலும் நாய் உண்டு. நாய்களை நேசிக்கிறவன் என்பதால்தான் இதை எழுதுகிறேன். தெருவில் ஒரு நாய் யாரையாவது கடித்துவிட்டால், அன்றிலிருந்து அந்தப் பகுதியில் நாய் வளர்க்கும் அத்தனை பேர் மீதும் அந்தக் கோபம் திரும்புகிறது; முடிவில் அடிபடுவது நாய்கள்தான்.

பயமும் ஒரு பாதிப்புதான்

கடித்தால்தான் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சிறுவயதில் கடி வாங்கித் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட தலைமுறை இன்னும் நம்மிடையே நடமாடுகிறது. அவர்களுக்கு நாய் அருகில் வந்தாலே உடல் நடுங்குகிறது. இடுப்பு எலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட முதியவரை ஒரு லாப்ரடார் பாசத்தோடு தாவித் தள்ளினாலும் அவர் மறுபடி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். தொழுகைக்குப் போய்க்கொண்டிருக்கும் ஒருவரின் ஆடையில் நாயின் எச்சில் பட்டால் அவர் வீடு திரும்பிக் கழுவி, உடை மாற்றி வர வேண்டியிருக்கும். இருசக்கர வாகனத்தின் பின்னால் நாய் குரைத்துக்கொண்டு ஓடினால், ஓட்டுபவர் பதறி விழுந்து கையை உடைத்துக்கொள்ளலாம். இந்த நான்கிலும் நாயின் பல் யார் மேலும் படவில்லை. நான்கிலும் உரிமையாளர் பொறுப்பாளிதான்.

இங்கிலாந்தில் 1991ஆம் ஆண்டு வந்த ஆபத்தான நாய்கள் சட்டம் இந்த விஷயத்தைத் தெளிவாகப் பேசுகிறது. ஒரு நாய் தன்னைக் காயப்படுத்திவிடும் என்று ஒருவர் நியாயமாக அஞ்சும்படி அது நடந்துகொண்டாலே, அது கட்டுப்பாட்டை மீறிய நாய்தான். உண்மையில் கடித்ததா இல்லையா என்பது அதற்குத் தேவையில்லை. நம் நாட்டுச் சட்டம் இவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் கடிக்கும் வரை காத்திருக்கவும் இல்லை.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆவது பிரிவைப் பாருங்கள். தன் வசமுள்ள விலங்கினால் மனித உயிருக்கு நேரக்கூடிய ஆபத்தையோ, கொடுங்காயம் உண்டாகக்கூடிய ஆபத்தையோ தடுக்கப் போதுமான ஏற்பாட்டை, தெரிந்தோ அலட்சியத்தாலோ செய்யாமல் விடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 289ஆவது பிரிவிலும் இதே குற்றம் இருந்தது. அபராதம்தான் அப்போது 1,000 ரூபாய். நேரக்கூடிய ஆபத்தைத் தடுக்காததே இங்கே குற்றம். உண்மையிலேயே காயம் ஏற்பட்டுவிட்டால் நியாய சன்ஹிதாவின் 125ஆவது பிரிவும் சேரலாம். அலட்சியத்தால் கொடுங்காயம் விளைந்தால் அதில் மூன்று ஆண்டு வரை சிறை. உயிரிழப்பு நேர்ந்தால் அலட்சியத்தால் மரணம் விளைவித்த குற்றத்துக்கான 106ஆவது பிரிவு வரும்; அதில் ஐந்து ஆண்டு வரை சிறை. பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கேட்டு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போவது இவற்றுக்கு அப்பாற்பட்ட தனி வழி.

சட்டம் “தன் வசமுள்ள விலங்கு” என்று சொல்வதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் நாயை வெளியே கூட்டிப்போவது பெரும்பாலும் வீட்டு வேலை செய்யும் பெண்மணி, காவலாளி, அல்லது பள்ளிக்குப் போகும் பிள்ளை. அந்த நாய்க்கு அவர்களைத் தெரியுமா, அது இழுத்தால் அவர்களால் நிறுத்த முடியுமா என்று எத்தனை பேர் யோசிக்கிறோம்? நாற்பது கிலோ ராட்வைலரைப் பன்னிரண்டு வயதுப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறவர், கயிற்றைக் கைமாற்றிவிட்டதால் பொறுப்பையும் கைமாற்றிவிட்டதாக நினைத்தால் அது தவறு.

இது கற்பனைக் கவலை இல்லை. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் இரண்டு ராட்வைலர் நாய்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. பூங்காவைப் பார்த்துக்கொண்டவரின் மகள் அவள். தலையில் பலத்த காயத்தோடு அறுவைச் சிகிச்சை வரை போக வேண்டியிருந்தது; நாய்களின் உரிமையாளர் கைது செய்யப்பட்டார். 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் நாய் ஒன்று தாக்கியதில் 55 வயது மனிதர் இறந்துபோனார். நாயைத் தடுக்க முயன்ற உரிமையாளருக்கும் காயம். இந்த இரண்டாவது சம்பவத்தை நாய் வளர்க்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்திருக்க வேண்டும் என்பேன். நாய் ஒரு முறை மூர்க்கமாகிவிட்ட பிறகு அன்பும் பழக்கமும் அதை நிறுத்துவதில்லை. அதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய ஏற்பாடுகள்தான் நிறுத்தும்.

எது பொது இடம்?

பூங்கா, கடற்கரை, சாலை என்றுதான் முதலில் தோன்றும். அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படி, லிப்ட், வாகன நிறுத்தம், மொட்டைமாடி எல்லாமே இந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. தனி வீட்டுக்காரர்கள் மறந்துவிடும் இடம் ஒன்று உண்டு: வெளிக்கதவுக்கு முன்னால் இருக்கிற தெரு. தாழ்ப்பாள் சரியாக விழாத இரும்புக் கதவுதான் எத்தனையோ கடிகளுக்குக் காரணம். பால் போடுகிறவர், மின்கணக்கு எடுக்க வருபவர், பார்சல் கொண்டுவரும் இளைஞர் ஆகியோர்தான் அதற்குப் பலியாகிறார்கள். “நாய்கள் ஜாக்கிரதை” என்று பலகை மாட்டிவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பலகை உள்ளே வருகிறவரை எச்சரிக்கிறது. வெளியே ஓடிவரும் நாயை அது தடுக்காது.

லிப்டைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் குடியிருப்புகளில் பாதிச் சண்டை அங்கேதான் பிறக்கிறது. நாலடிக்கு நாலடி பெட்டி. நாய்க்கு ஒதுங்க இடமில்லை, மனிதருக்கும் இல்லை. கதவு திடீரென்று திறக்கிறது, முகத்துக்கு நேரே ஒரு புதியவர் நிற்கிறார். சாதாரணமாகச் சாதுவாக இருக்கும் நாய்கூட இந்த அதிர்ச்சியில் பாய்ந்துவிடும். எனவே கதவு திறப்பதற்கு முன்பே கயிற்றைச் சுருக்கிப் பிடித்து, நாயை மூலையில் உட்காரவைத்து, நாய்க்கும் கதவுக்கும் நடுவில் நீங்கள் நில்லுங்கள். உள்ளே ஏற்கெனவே ஆள் இருந்தால் “வரலாமா?” என்று கேளுங்கள். தயங்கினால் அடுத்த முறை போகலாம். இரண்டு நிமிடம் தாமதமாவதால் நாய்க்கு ஒன்றும் ஆகாது.

கயிறு

வெளியே வந்தால் கயிறு. இதில் விதிவிலக்கே வேண்டாம் என்பது என் கருத்து. “என் நாய் நன்றாகப் பழகியது, கூப்பிட்டால் வந்துவிடும்” என்கிறவர்கள் பூனை ஒன்று குறுக்கே ஓடும் நாளைச் சந்திக்காதவர்கள். தீபாவளி நேரத்தில் ஒரே ஒரு அணுகுண்டு வெடித்தால் போதும், பல ஆண்டு பழகிய நாயும் திசை தெரியாமல் ஓடிவிடும்.

ஆறடி நீளமுள்ள சாதாரணக் கயிறு போதுமானது. பொத்தானை அழுத்தினால் நீளும் சுருள் கயிறுகள் கூட்டமுள்ள தெருவுக்கு ஏற்றவை அல்ல. நாய் பதினைந்தடி தள்ளிப் போய் வண்டியின் குறுக்கே நிற்கும்போதுதான் அது எவ்வளவு தூரம் போய்விட்டது என்று தெரியும். கயிற்றின் வளையத்தைக் கட்டை விரலில் மாட்டி, மீதியை உள்ளங்கையில் மடித்துப் பிடிப்பது நல்லது. கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் பயந்த நாய் பின்னோக்கி இழுத்துத் தலையை உருவிக்கொள்ளும். இழுக்கும் பழக்கமுள்ள நாய்க்கு மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை பாதுகாப்பானது. ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு நாயை மட்டும் கூட்டிப்போவது நல்லது. ஒன்று பாய்ந்தால் மற்றதும் சேர்ந்து பாயும், அப்போது இரண்டு கை போதாது.

கடிக்க முடியாதபடி நாயின் வாயில் மாட்டும் வாய்க்கூட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதைக் கொடுமை என்று நினைக்க வேண்டியதில்லை. வாயை இறுக்கிக் கட்டும் துணிப்பட்டை நம் வெயிலுக்கு ஆபத்தானது; வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் நாய் தன் உடல் சூட்டைத் தணிக்கிறது. கூடை வடிவத்தில் இருப்பதை வாங்கினால் நாய் மூச்சிரைக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். முதலில் அதற்குள் தின்பண்டம் வைத்துக் கொடுத்துச் சில வாரங்கள் பழக்கினால் தானாகவே மூக்கை நுழைக்கும். 2025 டிசம்பரில் சென்னை மாநகராட்சி பிட்புல், ராட்வைலர் ஆகிய இனங்களுக்குப் புதிய உரிமம் வழங்குவதை நிறுத்தி, ஏற்கெனவே வளர்க்கப்படுபவற்றை வெளியே கொண்டுவரும்போது கயிறும் வாய்க்கூடும் கட்டாயம் என்று அறிவித்தது.

இனத்தைத் தடைசெய்வது மட்டுமே தீர்வு என்று நான் நினைக்கவில்லை. 2024 மார்ச்சில் 23 நாய் இனங்களைத் தடைசெய்யச் சொல்லி மத்திய கால்நடைத் துறை மாநிலங்களுக்கு எழுதிய சுற்றறிக்கையை அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் இனம் ஒரு பொருட்டே இல்லை என்பதும் சரியல்ல. பொமரேனியன் கடித்தால் தையல் போடலாம். ராட்வைலர் கடித்தால் உயிர் போகலாம். நாயின் தாடை வலுவாக ஆக, உரிமையாளர் எடுக்க வேண்டிய முன்னெச்சரிக்கையும் அந்த அளவுக்குக் கூட வேண்டும். அந்த அளவு உழைக்க நேரமோ உடல் வலுவோ இல்லாதவர்கள் அந்த இனத்தை வாங்காமலிருப்பதே முறை.

நாய் முன்கூட்டியே சொல்கிறது

“எந்தக் காரணமும் இல்லாமல் கடித்துவிட்டது” என்பார்கள். அநேகமாக எப்போதும் காரணம் இருக்கிறது, அறிகுறியும் இருக்கிறது. நாம் படிக்கத் தெரியாமல் இருக்கிறோம். தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுவது, சாப்பாடு இல்லாதபோது உதட்டை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது எல்லாம் “எனக்கு இது பிடிக்கவில்லை” என்று நாய் சொல்லும் முறைகள். அதையும் மீறி நெருங்கினால் உடல் விறைத்துப்போய் அசையாமல் நிற்கும். நெருங்கிப் போகவே கூடாத நேரம் அதுதான். ஆனால் பலரும் “பாருங்கள், எவ்வளவு அமைதியாக நிற்கிறது” என்று சொல்லிக் குழந்தையைத் தடவிக் கொடுக்கச் சொல்வது அந்த நேரத்தில்தான். குழந்தையின் முகம் நாயின் வாய் உயரத்திலேயே இருப்பதால் கடி முகத்திலும் தலையிலும் விழுகிறது.

வால் ஆடினால் நட்பு என்பதும் முழு உண்மை இல்லை. உடல் முழுவதும் நெளிய, வால் தளர்வாக வீசினால் மகிழ்ச்சி. வாலை நிமிர்த்தி வைத்து நுனியை மட்டும் விறைப்பாக ஆட்டினால் அது பதற்றம். “குரைக்கிற நாய் கடிக்காது” என்ற பழமொழியை நம்பிக் கையை நீட்டியவர்களும் கடி வாங்கியிருக்கிறார்கள். பயத்தில் குரைக்கும் நாய் கடிக்கவும் செய்யும்.

உறுமுவதற்காக நாயை அடிப்பவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். உறுமல் எச்சரிக்கை மணி. அடித்து அதை நிறுத்திவிட்டால் நாயின் கோபமோ பயமோ குறையாது, எச்சரிக்கை மட்டும் போய்விடும். அடுத்த முறை நேரே கடிக்கும்.

இதற்கெல்லாம் அடித்தளம் குட்டிப் பருவத்தில் விழுகிறது. பிறந்து மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை குட்டி எதைப் பார்க்கிறதோ அதை “சாதாரணம்” என்று மனதில் பதித்துக்கொள்கிறது. தடுப்பூசிகள் முடியாத காலம் என்பதால் தரையில் விட வேண்டாம். தோளில் தூக்கிக்கொண்டு போய் ஆட்டோ சத்தம், தலைக்கவசம் போட்டவர்கள், குடை, சக்கர நாற்காலி, ஓடியாடும் பிள்ளைகள் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். இந்த வாரங்களை வீட்டுக்குள்ளேயே கழித்த நாய் பின்னால் சீருடையைக் கண்டாலும் மிரளும்.

மலம் அள்ளுவது

“மண்ணோடு மண்ணாகப் போய்விடும், உரம்தானே” என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். மாட்டுச் சாணம் வேறு, இறைச்சி தின்னும் நாயின் மலம் வேறு. நாயின் மலத்தில் உருளைப்புழு முட்டைகள் இருக்கலாம்; மண்ணில் விளையாடும் குழந்தையின் கைவழியாக வயிற்றுக்குள் போய், அரிதாகக் கண்ணைக்கூட அவை பாதிக்கும். கொக்கிப்புழுவின் லார்வாக்கள் வெறுங்காலில் தோலைத் துளைத்து நுழையும். கடற்கரை மணலில் செருப்பில்லாமல் நடப்பவர்களுக்குத் தோலில் வரிவரியாக அரிப்பு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நல்ல செய்தி ஒன்று: உருளைப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வந்ததும் தொற்றாது. மண்ணில் சில வாரங்கள் கிடந்து வளர்ந்த பிறகே தொற்றும் நிலைக்கு வரும். அதனால் அன்றைக்கே அள்ளிவிட்டால் ஆபத்தில் பெரும்பகுதி அங்கேயே முடிகிறது. பழைய செய்தித்தாளும் ஒரு பையும் போதும். வீட்டுக்குக் கொண்டுவந்து கழிப்பறையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவது இன்னும் நல்லது. பக்கத்து வீட்டு வாசலில் கோலம் போட வருகிறவர் காலையில் முதலில் பார்ப்பது நம் நாயின் மலமாக இருக்கக் கூடாது.

உரிமமும் உரிமையும்

சென்னையில் வளர்ப்பு நாய்க்கு மாநகராட்சி உரிமம் கட்டாயம். வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றோடு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். 2025 முதல் மைக்ரோசிப்பும் வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி அறிவித்திருக்கிறது. மைக்ரோசிப் என்றால் நாய் எங்கே போகிறது என்று கைப்பேசியில் காட்டும் கருவி என்று சிலர் நினைக்கிறார்கள். அது அரிசி மணி அளவுள்ள சில்லு. தோலுக்கடியில் ஊசி மூலம் வைக்கப்படும். படிப்பான் கருவியை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் ஒன்றைக் காட்டும், அவ்வளவுதான். அந்த எண்ணோடு உரிமையாளரின் பெயர் பதிவாகியிருப்பதால், தொலைந்த நாய் வீடு சேரும். நோய் வந்ததும் தெருவில் விட்டுவிட்டுப் போகிறவரையும் கண்டுபிடிக்கலாம்.

கடமையைப் பேசும்போது உரிமையையும் சொல்லியாக வேண்டும். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் தீர்மானம் போட்டு நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது; லிப்டைப் பயன்படுத்தக் கூடாது என்றும் சொல்ல முடியாது. கயிறு கட்டுங்கள், மலத்தை அள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்ளலாம். பக்கத்து வீட்டாரின் புகாருக்குப் பயந்து நாயை நாள் முழுதும் சங்கிலியில் கட்டிவைப்பதும் தீர்வல்ல. 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவு, வழக்கமாகக் கட்டிவைக்கப்படும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராமல் விடுவதையே கொடுமை என்கிறது. அப்படிக் கட்டிக் கிடக்கும் நாய்தான், அவிழ்ந்த அன்றைக்கு அடங்காமல் பாய்கிறது.

கடித்துவிட்டால்

எல்லா எச்சரிக்கைக்குப் பிறகும் விபத்து நேரலாம். நாயைக் கட்டிவிட்டு உடனே கடிபட்டவரிடம் போங்கள். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவச் செய்யுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்க வேண்டாம். உங்கள் நாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தாலும், அவருக்கு ஊசி தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களே வண்டி பிடித்து அழைத்துப்போங்கள். நாயின் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, ஆனால் உரிய நேரத்தில் ஊசி போட்டால் நோயே வராது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசி இலவசம். தோலில் போடும் முறையில் முதல் நாள், பிறகு 3, 7, 28ஆம் நாள் என்று தவணைகள் உண்டு. ஆழமான காயமாக இருந்தால் முதல் நாளே காயத்தைச் சுற்றி, உடனடிப் பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் மருந்தும் செலுத்துவார்கள். எல்லாத் தவணைக்கும் அவர் போகிறாரா என்று விசாரிப்பதும், கூலி இழப்பையும் செலவையும் ஏற்பதும் உங்களைச் சேர்ந்தவை.

நாயை உறவினர் வீட்டுக்கு அனுப்பி மறைக்க வேண்டாம். பத்து நாள் அதை வீட்டிலேயே வைத்துக் கவனிக்க வேண்டும். வெறிநோய் உள்ள நாயாக இருந்தால் அந்தப் பத்து நாளுக்குள் நோய் வெளிப்பட்டுவிடும். அது நன்றாகச் சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா என்று பார்த்து, கடிபட்டவருக்கு அன்றாடம் தெரிவித்துக்கொண்டே இருங்கள்.